காவிரிக்கரை சைக்கிள் பேக்கேஜ்: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

மேட்டூர் முதல் பூம்புகார் வரை ஆறு நாள், கியர் சைக்கிள், ஆற்றோரம் கூடாரம், துணைக்கு வேன் என்று மே மாதத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள். பாதிப் பணம் கட்டிப் போன எங்கள் குழு முசிறியோடு திரும்பியது.

விளம்பரப் படமே பொய். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மே மாதத்தில் அகண்ட காவிரி பெரும்பாலும் மணல்தான். படத்தில் கரை தொட்டு ஓடுவது ஆடித் தண்ணீர். ‘வழியெல்லாம் குளிக்கலாம்’ என்பதை நம்பி இறங்காதீர்கள். தேங்கி நிற்பதில் பாதி, மணல் அள்ளிய பள்ளம், ஆழம் தெரியாது.

சைக்கிள் பளபளவென்று இருந்தது. டயருக்குப் பாலிஷ்! காற்றை இறக்கி ஓரத்தை விரலால் மடக்கினால் மயிரிழை வெடிப்புகள். செயினையும் அளந்துவிடுங்கள்: 24 கண்ணி சரியாக 12 அங்குலம். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் பின்சக்கரப் பல்லும் தேய்ந்திருக்கும், ஏற்றத்தில் வழுக்கும்.

அதைவிடப் பெரிய வம்பு வால்வு. கரையெல்லாம் சீமைக்கருவேல முள், பஞ்சர் நிச்சயம். கொடுத்ததோ 700 அளவு ரிம், மெல்லிய பிரெஸ்டா வால்வு. ஊர்க் கடைகளில் கிடைப்பது தடித்த வால்வு வைத்த 28 இஞ்சு ட்யூப். அவசரத்துக்கு அந்த ட்யூபையே டயருக்குள் திணிக்கலாம்தான். ஆனால் ரிம் துளை 6 மி.மீ., அந்த வால்வுக்கு 8 மி.மீ. வேண்டும். கடைப் பம்பும் மாட்டாது. வேனில் இருந்த ஸ்பேர் ட்யூபோ 26 இஞ்சு. தலைக்கு அதே 700 அளவு ட்யூப் இரண்டு, கடைப் பம்பை மாட்ட ஒரு பித்தளை அடாப்டர் உங்கள் பையிலேயே இருக்கட்டும். ஒட்டுப் போடும்போது சொல்யூஷன் ஐந்து நிமிடம் காயட்டும். ஈரத்தோடு ஒட்டினால் சூட்டில் கழன்றுவிடும்.

அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். டிபன் முடித்து எட்டரைக்குக் கிளம்பி 70 கி.மீ. என்று போட்டிருந்தால், அக்னி நட்சத்திரத்தில் மிதித்தே அறியாதவர் போட்டது. ஐந்து மணிக்கு ஏறி பத்துக்குள் இறங்கிவிட வேண்டும். மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீராவது போகும். ஓ.ஆர்.எஸ். என்று எங்களுக்குக் கொடுத்தது இனிப்புப் பானம். உண்மையான பொட்டலம் 20.5 கிராம், ஒரு லிட்டருக்கு. அதில் உப்பு 2.6 கிராம், குளுகோஸ் 13.5 கிராம்.

கூடாரம் ஒற்றைத் துணி, காற்றுப் போக வழியில்லை. அதையும் ஆற்று மணலில் அடித்தார்கள். ‘அனுமதி வாங்கியாச்சு’ என்றார்களே தவிர, தாள் ஏதும் இல்லை. மணல் திருட்டுக்குக் காவல் இருக்கும் இடத்தில் ராத்திரி டார்ச்சோடு நின்றால் என்ன நினைப்பார்கள்? கல்யாண மண்டபத் திண்ணை எவ்வளவோ மேல்.

முன்பணத்தைக் கேட்டால் ‘அடுத்த டிரிப்பில் கழிச்சுக்கலாம் சார்’ என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் அனுப்பிய ரசீது, விளம்பரம், டயரின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.