லோடு ஏத்துற சைக்கிளுக்கு எந்த ஹேண்டில்பார், எந்த ஸ்டாண்டு?

புது சைக்கிள் எடுக்கப்போனா கலரையும் கியரையும்தான் பாக்குறோம், ஆனா மார்க்கெட்டு, ரேஷன் கடை, தண்ணி கேன்னு தினமும் அலையுறவங்களுக்கு ஹேண்டிலும் ஸ்டாண்டும் சரியா அமையுறதுதான் முக்கியம்.

எம்டிபி (மவுண்டன் பைக்) மாடல்ல வர்ற நேரான ஹேண்டில்பார் மேடுபள்ளத்துல நல்ல பிடி கொடுக்கும், ஆனா உடம்பு முன்னாடி சாஞ்சு பாரம் மணிக்கட்டுல இறங்கும், கடைத்தெரு கூட்டத்துல அந்த அகலம் வேற இடிக்கும். பழைய மாடல் சைக்கிள்ல பாக்குற, பின்னாடி வளைஞ்சு வர்ற ரோட்ஸ்டர் டைப்புல நிமிந்து உக்காரலாம், திரும்பிப் பாக்க ஈசி, எதிர்காத்துல மட்டும் மிதிக்க கஷ்டம். லோடுக்கு நான் வளைஞ்சதைத்தான் சொல்லுவேன். ரெண்டுலயும் கிரிப் மாட்டுற இடத்தோட விட்டம் பொதுவா 22.2 மி.மீ.தான், அதனால நேரானதைக் கழட்டிட்டு வளைஞ்சதைப் போட்டாலும் இருக்குற பிரேக் லீவரையே அதுல மாட்டிக்கலாம், வயர் நீளம் பத்தலன்னா புதுசு போட்டுருங்க. மாட்டுனதும் ஹேண்டிலை முழுசா ஒடிச்சு முட்டியில இடிக்குதான்னு பாத்துக்கங்க. வயருக்குப் பதிலா கம்பியால இழுக்குற கம்பி பிரேக் வண்டின்னா இந்த வேலையே வேணாம், அதுல லீவரும் கம்பியும் ஹேண்டிலோட சேந்தே வரும், ஹேண்டிலை மாத்தணும்னா பிரேக்கையும் மாத்தணும்.

ஸ்டாண்டுல எனக்கு சந்தேகமே இல்ல, டபுள் ஸ்டாண்டுதான். சைடு ஸ்டாண்டு போட்டு கேரியர்ல 25 கிலோ அரிசி சிப்பத்தை வச்சுப் பாருங்க, ஒரு கையால வண்டிய பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையால கயிறு கட்டணும், மண்தரையா இருந்தா ஸ்டாண்டு புதைஞ்சு மூட்டையோட சாஞ்சுரும். டபுள் ஸ்டாண்டு வெயிட்டுதான், தூக்கிப்போட கொஞ்சம் பழகணும், ஆனா ரெண்டு கையும் ஃப்ரீ.

கேரியர் வாங்குறப்ப கால் ரெண்டும் பின் வீல் ஆக்ஸில் பக்கம் வரைக்கும் இறங்கி போல்ட் ஆகுதான்னு பாருங்க. சீட் கம்பியில மட்டும் கவ்வுற மாடல் பையன் ஸ்கூல் பேக்குக்கு ஓகே, மூட்டைக்கு ஆகாது, பாரம் ஏறினா பக்கவாட்டுல திரும்பிடும்.

முன்னாடி கூடை காய்கறிக்கு வசதிதான், ரொம்ப வெயிட் வச்சா ஹேண்டில் தானா திரும்பும், அதனால கனமானதெல்லாம் பின்னாடியே போகட்டும்.

லைட்டுக்கு டைனமோவா பேட்டரியா? டைனமோக்கு சார்ஜ் போடுற வேலை இல்ல, ஆனா டயர்ல உரசுறதால மிதிக்க கனமா இருக்கும், மழையில வழுக்கும், சாதா மாடல்னா சிக்னல்ல நின்னதும் அணைஞ்சுரும். டவுனுக்குள்ள ஓட்ட சார்ஜ் எல்இடி போதும். எது போட்டாலும் பின்னாடி செவப்பு ரிஃப்ளெக்டரை கழட்டிடாதீங்க, சார்ஜ் தீந்த ராத்திரியிலயும் பின்னாடி வர்ற லாரிக்காரர் கண்ணுல அதுதான் படும்.