கார்டு கடனை மொத்தமாக அடைக்கப் போகிறீர்களா? முதலில் கார்டைக் கையில் வாங்குங்கள்

"கிரெடிட் கார்டு பில் கட்டித் தரப்படும், குறைந்த கமிஷன்" என்று மின்கம்பத்திலும் கடை ஷட்டரிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸை வடசென்னையில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அப்படி ஒரு கடையில் உங்கள் கார்டோ, உங்கள் வீட்டுக்காரர் கார்டோ, மனைவி கார்டோ இருந்தால் இன்றைக்கே திரும்ப வாங்குங்கள். கடைக்காரர் இழுத்தடித்தால் வங்கி ஆப்பில் போய் கார்டை ஆஃப் செய்யுங்கள். நகையை வைத்தோ சீட்டு எடுத்தோ கடனை ஒரே மூச்சில் முடிக்கலாம் என்று இருப்பவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். கார்டு வேறொருவர் கையில் இருக்கும்போது அதில் ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள். நாங்கள் 1,80,000 போட்டோம், அன்று இரவே 1,78,000 போய்விட்டது.

கார்டு என் வீட்டுக்காரருடையது. துறைமுகத்தில் கிளியரிங் கம்பெனி வேலை, சம்பளம் 28,000. மாமியார் ஆபரேஷனில் ஆரம்பித்த செலவு, நடுவில் இரண்டு மாதம் சம்பளம் தள்ளிப்போனது, அப்புறம் ஒரு ஃப்ரிட்ஜ், இப்படியே 2 லட்சம் லிமிட்டில் 1,80,000 ஏறி நின்றுவிட்டது. அந்த கார்டுக்கு வட்டி மாதம் 3.75 சதவீதம், அதாவது வருடத்துக்கு 45. கணக்குப் போட்டுப் பாருங்கள், மாத வட்டி 6,750, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,215, ஆக 7,965. மினிமம் ட்யூ, அதாவது அந்த மாதம் குறைந்தது கட்டியாக வேண்டிய தொகை என்று 9,000 கட்டினால் அசலில் குறைவது ஆயிரம் சொச்சம்தான். பாக்கி இருக்கும்போது புதிதாக 500 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டாலும் அதற்கும் போட்ட நாளிலிருந்தே வட்டி, வட்டியில்லாத அந்த 50 நாள் சலுகை எல்லாம் முழு பில்லையும் கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான். அவருடைய ஆபீஸில் ஒருவர் "30 பர்சென்ட்டுக்கு மேல வட்டி வாங்கக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படிச் சொன்னது உண்மை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அவர் இன்னும் 2008-லேயே இருக்கிறார்.

அதே புண்ணியவான்தான் இந்தக் கடையையும் காட்டிக் கொடுத்தார். திருவொற்றியூர் ஹை ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ் எல்லாம் பார்க்கும் சின்ன கடை. அவர்கள் செய்வதற்கு "ரொட்டேஷன்" என்று பெயர். பில் கட்ட வேண்டிய தேதிக்கு முன்னால் 1,80,000-ஐ அவர்களே கார்டில் கட்டிவிடுவார்கள். லிமிட் திறந்ததும் தங்கள் மிஷினில் அதே தொகையைத் தேய்த்து எடுத்துக்கொள்வார்கள். பொருள் எதுவும் வாங்காமலே, வாங்கியது போல ஒரு பில். இதற்கு 3 சதவீதம் கமிஷன், 5,400. அதில் 2 சதவீதத்தை ஒட்டி மிஷின்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள், மீதி கடைக்காரருக்கு.

இதில் ஏன் ஆட்கள் விழுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது முட்டாள்தனமான கணக்கு இல்லை. வங்கிக்கு 7,965 போகிற இடத்தில் இங்கே 5,400, மாதம் 2,500 மிச்சம், லேட் ஃபீஸ் இல்லை, கலெக்‌ஷன் ஆள் போன் இல்லை, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோரும் அடிவாங்கவில்லை. ஆனால் அசல் ஒரு ரூபாய் குறையாது. வருடம் முழுக்க இப்படிச் சுற்றினால் 64,800 கமிஷன் கொடுத்துவிட்டு அதே 1,80,000 கடனோடு நிற்பீர்கள். வங்கியாவது ஆயிரம் ரூபாய் குறைத்தது.

கார்டு எப்படிக் கடையிலேயே தங்கியது என்றால், "அண்ணே, மாசாமாசம் எதுக்கு அலையுறீங்க, ஷிஃப்ட்டுல வேற இருக்கீங்க, கார்டு இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்று ஆரம்பத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டான். பின் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கார்டின் பின்னால் ஒட்டி, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டோடு மேஜை டிராயரில். அந்தக் கட்டில் எத்தனை வீட்டுக் கார்டு இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

விஷயம் எனக்குத் தெரிந்ததும் இதை முடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வளையலையும் செயினையும் அரசு வங்கியில் வைத்து 1,20,000, வருட வட்டி 10 சதவீதம், அதாவது மாதம் ஆயிரம் ரூபாய். மீதி 60,000 நான் கட்டி வந்த சீட்டுப் பணம். "அவர் பட்ட கடனுக்கு உன் நகையாடி?" என்று அம்மா ஒரு வாரம் பேசவில்லை. சட்டப்படி பார்த்தால் அம்மா சொன்னது சரிதான், அதே கணக்கில் மனைவி பெயரில் வாங்கிய ஆட்-ஆன் கார்டோ ஜாமீன் கையெழுத்தோ இல்லாவிட்டால் கணவர் கார்டு கடனுக்கு மனைவி பொறுப்பில்லை. ஆனால் மாதம் 5,400 போவது என் வீட்டு அரிசிப் பணத்திலிருந்துதானே.

ஒரு நாள் சாயங்காலம் என் கணக்கிலிருந்து கார்டுக்கு 1,80,000 போட்டேன். கடைக்குப் போன் செய்து, இந்த மாதம் ரொட்டேஷன் வேண்டாம், நாங்களே கட்டிவிட்டோம், நாளைக்கு வந்து கார்டை வாங்கிக்கொள்கிறோம் என்றேன். "சூப்பர்க்கா, கடன் முடிஞ்சுதுன்னா எனக்கும் சந்தோஷம்தான்" என்றான். அன்றிரவு அவர் துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட். ஒரு ஃபர்னிச்சர் கடை பெயரில் 95,000, ஒரு ரெடிமேட் கடை பெயரில் 83,000. எஸ்எம்எஸ் அவர் போனுக்கு வந்திருக்கிறது, விடிந்து வெளியே வந்த பிறகுதான் பார்த்தார்.

காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றோம். முதலில் "தப்பா தேய்ச்சுட்டேன்க்கா" என்றான். அப்புறம் "அண்ணன் கணக்குல பழைய கமிஷன் பாக்கி இருக்கு" என்றான். கடைசியில் உண்மை வந்தது. இன்னொரு ஆளின் கார்டுக்குப் பணம் கட்டியிருக்கிறான், அந்த ஆளின் வங்கி சந்தேகப்பட்டு கார்டை பிளாக் செய்துவிட்டது, தேய்த்துத் திரும்ப எடுக்க முடியவில்லை, இவன் போட்ட பணம் மாட்டிக்கொண்டது. பணம் கொடுத்த ஃபைனான்ஸ்காரர் கழுத்தைப் பிடித்திருக்கிறார், அந்த நேரம் பார்த்து எங்கள் லிமிட் திறந்திருக்கிறது. இந்தத் தொழிலே ஒருவர் லிமிட்டை எடுத்து இன்னொருவர் பில்லைக் கட்டும் வேலைதான், எங்காவது ஒரு கார்டு மாட்டினால் டிராயரில் காலி லிமிட்டோடு இருக்கும் கார்டுதான் அகப்படும்.

வங்கி கஸ்டமர் கேரில் உடனே கார்டை பிளாக் செய்தார்கள், அதோடு சரி. புகாரை நிராகரித்துவிட்டார்கள், சிப் வைத்து பின் நம்பர் போட்டு நடந்த பரிவர்த்தனை என்று. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி (ஆர்பிஐ) போட்ட சுற்றறிக்கையைக் காட்டினார்கள். பின் நம்பரை நாமே கொடுத்திருந்தால், நாம் வங்கிக்குச் சொல்லும் வரை போனது நம் தலையில், சொன்ன பிறகு போனால்தான் வங்கி பொறுப்பு. அதனால் தெரியாத ஸ்வைப் ஒன்று கண்ணில் பட்டால் கடைக்காரரிடம் நியாயம் கேட்கப் போகும் முன்பு வங்கிக்குப் போன் செய்யுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு ஸ்வைப் விழுந்தால் அது யார் கணக்கு என்பதை அந்தப் போன்தான் முடிவு செய்யும்.

போலீஸில் "நீங்கதானே கார்டைக் குடுத்தீங்க" என்பதுதான் முதல் கேள்வி. எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்கினோம். அவனைக் கூப்பிட்டு மிரட்டியதில் 30,000 வந்தது, பிறகு பேச்சு மட்டும்தான். உண்மையில் அவனை அசைத்தது வேறு. எங்கள் வங்கிக்கு எழுதிக் கேட்டு, அந்த இரண்டு ஸ்வைப் மிஷினும் எந்த வங்கி கொடுத்தது என்று தெரிந்துகொண்டு, அங்கே புகார் எழுதினோம். பொருள் விற்காமல் கார்டைத் தேய்த்துப் பணம் எடுக்கிறார்கள், மிஷின் இருப்பது ஃபர்னிச்சர் கடையே இல்லை என்று. மிஷினில் சேர்ந்திருந்த பணத்தை அவர்கள் நிறுத்தி வைத்ததும், அதுவரை போனை எடுக்காதவன் வீடு தேடி வந்து 70,000 கொடுத்தான். யாரும் இந்த வழியைச் சொல்ல மாட்டார்கள், மாட்டியவர்கள் முயன்று பாருங்கள். வங்கியில் எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ஆர்பிஐ ஓம்பட்ஸ்மேனுக்கு ஆன்லைனில் எழுதலாம், கட்டணம் இல்லை, விவரம் கேட்க 14448. வெளியே 5,000 கேட்கும் ஏஜென்ட்டுகள் செய்வதும் அதே ஃபாரத்தை நிரப்புவதுதான்.

இது போதாதென்று வருமான வரி வேறு. கார்டு பில்லுக்கு ஒரு நிதியாண்டில் ரொக்கமாக 1 லட்சமோ, மற்ற வழிகளில் 10 லட்சமோ அதற்கு மேலோ கட்டினால் வங்கி வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மாதம் 1,80,000 சுற்றினால் வருடத்துக்கு 21,60,000. வாங்கும் சம்பளம் 28,000. ராயபுரத்தில் எங்களுக்கு ரிட்டர்ன் போடும் ஆடிட்டர் கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துவிட்டு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஸ்டேட்மென்ட்டுகளை எல்லாம் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார், நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல.

திரும்ப வந்த 1 லட்சத்தை பில் தேதிக்குள் கார்டில் கட்டிவிட்டோம், புது கார்டு என் அலமாரியில், ஆப்பில் கடை ஸ்வைப், ஆன்லைன், டேப் எல்லாம் ஆஃப். இந்த ஆன்-ஆஃப் வசதி எல்லா வங்கி கார்டிலும் இருக்கிறது, நீங்களும் கடனை அடைக்கும் முன்பு முதலில் அங்கே போங்கள். பின் நம்பரை மாற்றினால் மட்டும் போதாது, கார்டு கையில் இருந்தால் 5,000 வரை பின் இல்லாமலே டேப் செய்ய முடியும். மீதி 78,000-ஐ வங்கியிடமே தவணையாக மாற்றிக் கேட்டோம், வருடத்துக்கு 16 சதவீதம், வட்டிக்கு மேல் ஜிஎஸ்டி. 45-க்கு இது எவ்வளவோ மேல். இந்த வசதி முதல் நாளிலிருந்தே இருந்தது என்பதை அந்த கஸ்டமர் கேர் பெண் சொன்னபோது என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தவணை முடிந்ததும் கார்டை மூட எழுதிக் கொடுப்போம். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும் என்பது 2022 விதி.

கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த மாதம் 5,000 தருவதாகச் சொல்லியிருக்கிறான். தந்தால் எழுதுகிறேன்.