கிண்டியில் 4000 ரூபாய்க்கு ஓர் அறிக்கை: மோட்டார் விசிறி உந்துகருவிக்கு பேட்டன்ட் பரிசீலனை எப்படி?

ஜி.எஸ்.டி. சாலையில், கிண்டியில் இருக்கிற காப்புரிமை அலுவலகத்துக்கு நேரில் போய் விண்ணப்பம் கொடுக்கலாம். ஆனால் கவுன்டரில் கொடுத்தால் ஆன்லைனைவிடக் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதல் கட்டணம். தனிநபர், ஸ்டார்ட்-அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகிய சலுகைப் பிரிவினருக்கு ஆன்லைனில் 1600 ரூபாய், மற்றவர்களுக்கு 8000. இது வரிசையில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற காசுதான். யாராவது எடுத்துப் படிக்க வேண்டுமென்றால் ஃபாரம் 18 தனியாகப் போட வேண்டும். அதற்குச் சலுகைப் பிரிவில் 4000, மற்றவர்களுக்கு 20,000. அந்தப் பணத்துக்குக் கைக்கு வரும் சரக்கு, எஃப்.இ.ஆர். எனப்படும் முதல் பரிசீலனை அறிக்கை. உறைக்குள் சுழலும் மின்விசிறியால் ட்ரோனையோ படகையோ தள்ளும் கருவிக்கு அந்தச் சரக்கு எவ்வளவு தேறும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 18 மாதத்தில், அல்லது ஃபாரம் 9-க்கு (சலுகைப் பிரிவில்) 2500 ரூபாய் கட்டினால் சீக்கிரமாகவே, விண்ணப்பம் அரசின் காப்புரிமை இதழில் வெளியாகும். வெளியானதும் "பேட்டன்ட் கிடைத்துவிட்டது" என்று கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். வெளியீடு என்றால் வெளியீடு மட்டும்தான். அந்தக் கட்டத்தில் கருவி புதியதா என்று எவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அறிக்கையின் பலமான பகுதி முன்கலைத் தேடல், அதாவது இதே யோசனை ஏற்கெனவே எங்காவது வெளியாகியிருக்கிறதா என்று பார்ப்பது. பி64சி 11 (ப்ரொப்பெல்லர்), பி64டி 27 (விமான உந்துதல்), எஃப்04டி (விசிறி, பம்பு), எச்02கே 7/14 (மோட்டாரோடு இணைந்த சுமை), ஆளில்லா விமானம் என்றால் பி64யூ, தண்ணீரில் ஓடுவதென்றால் பி63எச். இந்தக் காப்புரிமை வகைப்பாடுகளில் எக்சாமினர் (பரிசீலகர்) துழாவுவார். குழாய்க்குள் விசிறி என்ற யோசனைக்கு வயது அதிகம். 1932-இல் இத்தாலியில் ஸ்டிபா-கப்ரோனி விமானத்தின் உடம்பே ஒரு குழாயாக இருந்தது. எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் அதற்குள். கப்பல் ப்ரொப்பெல்லரைச் சுற்றிக் குழாய் போடும் கோர்ட் நாசில் 1930-களிலிருந்து ஓடுகிறது. மின்மோட்டார் சேர்த்தோம் என்றால், ஏர்பஸ்ஸின் ஈ-ஃபேன் இரண்டு உறைவிசிறிகளோடு 2015 ஜூலையில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது. நிறைய விசிறிகள் வைத்தோம் என்றால், லிலியம் ஜெட் 2017-இல் 36 விசிறிகளோடு பறந்துவிட்டது. ஆகவே "உறை, விசிறி, மோட்டார்" என்ற மூன்றை மட்டும் சொல்லிப் புதுமை பேசினால் வேலைக்கு ஆகாது. விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே இன்பாஸ், எஸ்பாசெநெட், கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற மூன்று காப்புரிமைத் தேடல் தளங்களிலும் இதே வகைப்பாடுகளைப் போட்டுத் தேடினால், எக்சாமினர் காட்டப்போகும் ஆவணங்களில் பாதியாவது முன்கூட்டியே கண்ணில் படும். மூன்றிலும் தேடுவது இலவசம்.

புதுமை தப்பினாலும் அடுத்து மாட்டுவது 'கண்டுபிடிப்புப் படி': துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றிவிடாத முன்னேற்றமா என்ற கேள்வி. உறை போட்டால் மின்சாரம் மிச்சமாகும் என்று எழுதுகிறவர்கள் அதிகம். ஒரே விட்டம், ஒரே உந்துவிசை, குழாயின் பின்வாயும் விசிறி அளவே என்றால், நின்ற இடத்தில் தேவைப்படும் கோட்பாட்டுத் திறன் (பவர்) திறந்த விசிறிக்குத் தேவைப்படுவதில் சுமார் 71 சதவீதம். இது பாடப்புத்தகக் கணக்கு. 25 சதவீத மிச்சம் என்று ஸ்பெசிஃபிகேஷன் (விண்ணப்பத்தின் விவரிப்பு) பெருமைப்பட்டால், "தெரிந்த உறையின் தெரிந்த பலன்" என்று ஒரே வரியில் அடித்துவிடலாம். இலை நுனிக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளியை 1 மி.மீ.-இலிருந்து 0.5 ஆக்கினோம் என்பதும் அப்படியே. துறை தெரிந்தவர் வழக்கமாகச் செய்து பார்க்கும் மாற்றம் என்று எழுதுவார்கள், அதை மறுப்பது கஷ்டம்.

அதற்கடுத்த கண்ணி காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(எஃப்): தெரிந்த சாதனங்கள் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்கிறபடி வெறுமனே அடுக்கி வைத்தால் அது கண்டுபிடிப்பே இல்லை. கைக்கெட்டும் மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். (விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் ஏற்பார்கள், இங்கே புரிவதற்காகத் தமிழில்.) முதலில் எழுதிய கிளெய்ம் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம்):

"உறை (1), அதற்குள் சுழலும் விசிறி (2), அதை ஓட்டும் பிரஷ்லெஸ் மோட்டார் (3), விசிறிக்குப் பின்னால் உறையையும் மோட்டார் கூட்டையும் இணைக்கும் நிலைத்தகடுகள் (4) கொண்ட உந்துகருவி."

எக்சாமினர் தேடி எடுத்த முதல் பழைய ஆவணமான டி1-இல் உறையும் விசிறியும், இரண்டாவதான டி2-இல் நிலைத்தகடுகளும் காட்டுவார். இரண்டையும் சேர்த்தால் கதை முடிந்தது. திருத்திய வடிவம் இப்படிப் போகலாம்: அந்த நிலைத்தகடுகள் உள்ளே குடைவானவை, விசிறிக்குப் பின்னால் உறைச்சுவரில் உள்ள துளைகள் (5) வழியே நுழையும் காற்று தகடுகளுக்குள் ஓடி, மோட்டார் சுருளைத் தொட்டுக்கொண்டு, விசிறிக்கு முன்னால் மூக்குக்கூம்பின் துளை (6) வழியே வெளியேறுகிறது. விசிறிக்குப் பின்னால் அழுத்தம் அதிகம், முன்னால் குறைவு. அந்த வித்தியாசமே காற்றை இழுத்துச் செல்வதால் தனியாகக் குளிர்விசிறி வேண்டாம். சுழலும் காற்றை நேராக்குவது, மோட்டாரைத் தாங்குவது, குளிர்விப்பது என மூன்று வேலையையும் ஒரே தகடு செய்கிறது. பாகங்கள் ஒன்றையொன்று சார்ந்து இயங்குவதால் 3(எஃப்) ஒட்டாது. சுற்றிவரும் காற்றால் உந்துவிசை கொஞ்சம் குறையும். அதையும் எழுதிவிட வேண்டும், எவ்வளவு குறைந்தது என்ற அளவோடு.

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குடைவுத் தகடு முதல் நாள் தாக்கல் செய்த ஸ்பெசிஃபிகேஷனிலோ படத்திலோ இல்லையென்றால், அறிக்கை வந்தபிறகு சேர்க்க முடியாது. பிரிவு 59 திருத்தத்தை விலக்கல், சரிசெய்தல், விளக்கம் என்ற மூன்றுக்குள் அடைத்துவிட்டது. பழைய கிளெய்மின் எல்லையைத் தாண்டவும் கூடாது. எனவே பட்டறையில் யோசித்துப் பார்த்த எல்லா மாற்று வடிவங்களையும் முதலிலேயே விவரிப்பில் கொட்டிவிடுவது நல்லது. 30 பக்கத்துக்கு மேல் பக்கத்துக்கு 160 ரூபாய், 10 கிளெய்முக்கு மேல் கிளெய்முக்கு 320 (சலுகைப் பிரிவில்). ஏஜென்ட் ஃபீஸோடு ஒப்பிட்டால் இது டீச் செலவு.

எக்சாமினர் விசிறியைச் சுழற்றிப் பார்க்கப் போவதில்லை; காகிதம்தான் அவருக்குக் கருவி. லோடு செல் (விசையை அளக்கும் கருவி) வைத்த ஸ்டாண்டில் வோல்ட், ஆம்பியர், சுழற்சி வேகம், உந்துவிசை, சுருள் வெப்பநிலை ஐந்தையும் ஒன்றாகப் பதிய வேண்டும். அதுவும் பத்து விநாடி முழுவேகம் அல்ல, வெப்பம் நிலைக்கும் வரை. திடமான தகட்டோடு ஒருமுறை, குடைவான தகட்டோடு ஒருமுறை, மற்றதெல்லாம் மாறாமல். அறை வெப்பநிலையும் கட்டாயம். 15 டிகிரியில் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.225 கிலோ, சென்னையின் 35 டிகிரியில் சுமார் 1.146. டிசம்பரில் ஒன்றையும் மே மாதத்தில் இன்னொன்றையும் அளந்து ஒப்பிட்டால் வரும் சில சதவீத முன்னேற்றம் பருவநிலையுடையது, கண்டுபிடிப்புடையது அல்ல. உறையை பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் 3டி அச்சடித்திருந்தால் இன்னொரு தொல்லை: 60 டிகிரியை ஒட்டி அது இளகிவிடும். மோட்டார் சூட்டில் உறை கோணினால் நுனி இடைவெளி மாறி, எண்கள் எல்லாம் குழம்பிவிடும்.

விசிறிக்குப் பின்னால் ஒரு டர்பைன் வைத்து அதே பேட்டரியைச் சார்ஜ் ஏற்றும் 'ஓயாத' ட்ரோனுக்கு 4000 ரூபாயும் தண்டம். இயற்கை விதிக்கு முரண் என்று பிரிவு 3(ஏ)-வில் போய்விடும். கட்டுப்பாட்டு மென்பொருளை மட்டும் கோரினால் பிரிவு 3(கே) தடுத்துவிடும். கல்லூரி சிம்போசியத்தில் காட்டி, வீடியோவை யூட்யூபில் ஏற்றிவிட்டுப் பிறகு வருபவர்களுக்கும் கஷ்டம்தான். சட்டம் தரும் 12 மாதச் சலுகை, அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சபைக் கட்டுரை போன்ற சில இடங்களுக்கே.

அறிக்கை வந்த தேதியிலிருந்து பதிலுக்கு 6 மாதம். முடிவதற்குள் ஃபாரம் 4 போட்டால் இன்னும் 3 மாதம். விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். கிண்டியில் தாக்கல் செய்ததால் கிண்டிக்காரரே படிப்பார் என்று நினைக்க வேண்டாம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நான்குக்கும் பொதுவாகப் பங்கிடுவதால் எக்சாமினர் எங்கேயும் இருக்கலாம், ஹியரிங்கும் வீடியோவில்தான். தாக்கல் செய்த அலுவலகத்தின் எல்லை முக்கியமாவது மேல்முறையீட்டில்: நிராகரித்தால் 3 மாதத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றம். அதற்கு முன்பே, காப்புரிமை அலுவலக ஹியரிங் முடிந்த 15 நாளுக்குள் எழுத்துவாதம் போக வேண்டும். அதில் டி1, டி2-வின் எந்தப் பத்தியில் எந்தப் பாகம் இல்லை என்று எண் போட்டு எழுத வேண்டும். "எங்கள் கருவி வித்தியாசமானது" என்று மட்டும் எழுதினால் அதற்கு எடை கிடையாது.

விரைவுப் பரிசீலனைக்கு ஃபாரம் 18ஏ, சலுகைப் பிரிவில் 8000. ஸ்டார்ட்-அப், சிறு நிறுவனம், குறைந்தது ஒரு பெண் இருக்கும் தனிநபர் விண்ணப்பங்கள், அரசு நிதியில் ஓடும் நிறுவனங்கள் ஆகியவை போடலாம். தனியார் பொறியியல் கல்லூரிக்குக் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் அதை மட்டும் வைத்து 18ஏ கிடைக்காது. முதலீட்டாளர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் கூடுதல் 4000 தகும். ஸ்டாண்டில் எண்கள் இன்னும் நிலைக்கவில்லை என்றால் அவசரம் வேண்டாம். முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்து, 12 மாதத்துக்குள் அளந்த தரவோடு முழு ஸ்பெசிஃபிகேஷன் தரலாம். சாதாரண ஃபாரம் 18-க்கு முதல் தாக்கல் தேதியிலிருந்து 31 மாதம் இருக்கிறது. 2024 மார்ச் 15-க்கு முன் தாக்கல் ஆனவற்றுக்குத்தான் பழைய 48 மாதக் கணக்கு.