எலும்புப் புற்றை வெட்டி எடுக்க: நேவிகேஷனா, அச்சிட்ட ஜிக்கா?

காலையோ கையையோ அகற்றாமல் எலும்புப் புற்றை மட்டும் நீக்கும்போது, கட்டியைச் சுற்றிலும் சிறிதளவு நல்ல எலும்பும் சேர்ந்து வெளிவர வேண்டும். அந்த ஓரம் போதாமல் போனால் புற்று அதே இடத்தில் மீண்டும் வரக்கூடும். அளவுக்கு மீறினால் மூட்டோ, குழந்தையின் எலும்பு நீளக் காரணமான வளர்தட்டோ பறிபோகும். தொடை எலும்பின் நடுத்தண்டில் குறுக்காக வெட்டினால் போதும் என்ற நிலையில், ஸ்கேனில் அளந்த தூரத்தை எலும்பின் மேல் குறித்து வெட்டும் பழைய முறையே போதுமானது. அங்கே கணினித் திரையில் வழிகாட்டும் நேவிகேஷனுக்கோ, ரம்பத்தை வழிநடத்தும் அச்சிட்ட துண்டான ஜிக்குக்கோ செலவிடுவது வீண் என்றே கருதுகிறேன்.

இடுப்பெலும்பில் நிலைமை வேறு. அனுபவம் மிக்க நான்கு அறுவை மருத்துவர்களிடம் இடுப்பெலும்பு மாதிரிகளைக் கொடுத்து, 10 மி.மீ. ஓரம் விட்டு வெட்டச் சொன்ன ஆய்வொன்றை பெல்ஜிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். 5 மி.மீ. பிழையை அனுமதித்தும், இலக்கை எட்டும் வாய்ப்பு 52 சதவீதமே இருந்தது. ரத்தமும் தசையும் இல்லாத மாதிரியிலேயே இதுதான் நிலை.

இந்தக் குறையைப் போக்க வந்த வழிகளுள் முதலாவது நேவிகேஷன். சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, வெட்ட வேண்டிய தளங்களைக் கணினியில் முன்பே வரைந்துகொள்கிறார்கள். அறுவையின்போது எலும்பில் ஓர் அடையாளக் கருவியைப் பொருத்தி, சில புள்ளிகளைத் தொட்டுக் காட்டி, படத்திலுள்ள எலும்பும் மேசையிலுள்ள எலும்பும் ஒன்றே என்று கணினிக்கு உணர்த்துகிறார்கள். அதன் பின் கருவியின் முனை எங்கே இருக்கிறது என்பதைத் திரை காட்டிக்கொண்டே இருக்கும். ஹாங்காங்கின் சீனப் பல்கலைக்கழக மருத்துவர்கள் இம்முறையை வளர்த்தவர்களில் முன்னோடிகள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட கணக்கின்படி, இடுப்பெலும்பிலும், முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பான திரிகத்திலும் வெட்டு கட்டிக்குள்ளேயே போய்விடும் விகிதம், முன்பு 29 சதவீதமாக இருந்தது, 8.7 சதவீதமாகக் குறைந்தது. இது முந்தைய நோயாளிகளோடு ஒப்பிட்ட கணக்குதான் என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் கீமோதெரபிக்குப் பெரிதாகப் பணியாத காண்ட்ரோசர்கோமா என்ற குருத்தெலும்பு வகைப் புற்று போன்றவற்றில் அறுவையே முதன்மைச் சிகிச்சை என்பதால், இந்த வேறுபாட்டை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

நேவிகேஷன் வழியைக் காட்டுகிறதே தவிர, ரம்பத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. அதிரும் அலகு வளைந்தால் திரை தடுக்காது. அடையாளக் கருவி சற்றே அசைந்தாலும் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

இரண்டாவது வழியான ஜிக் இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. நோயாளியின் சி.டி. படத்திலிருந்து, அவருடைய எலும்பின் மேடுபள்ளங்களில் மட்டும் கச்சிதமாக அமரும் வழிகாட்டித் துண்டை, பெரும்பாலும் நைலானில், முப்பரிமாண அச்சில் உருவாக்கி, ஊசிகளால் எலும்பில் நிறுத்துகிறார்கள். அதன் பிளவுக்குள் ரம்பம் இறங்குவதால் வெட்டின் திசை பிறழ்வது வெகுவாகக் குறைகிறது. அறுவை அறையில் விலையுயர்ந்த இயந்திரமும் வேண்டியதில்லை. ஆனால் ஜிக் அமர வேண்டிய இடத்தில் எலும்பைத் தசை நீக்கித் துலக்க வேண்டும்; கட்டியை ஒட்டிய இடத்தில் அது இயலாது. இடுப்பெலும்பின் தட்டையான பரப்பில் ஜிக் சற்று நகர்ந்து அமர்ந்தாலும் பொருந்தியதுபோலவே தோன்றும்.

காலமும் இங்கே முக்கியம். ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று வகையில் அறுவைக்கு முன் ஏறத்தாழ 10 வாரங்கள் கீமோதெரபி நடப்பதால், ஜிக் தயாராகும் நாட்கள் தனியாக வீணாவதில்லை என்று சொல்லப்படுவது உண்மையே. எனினும் கீமோதெரபியின் தொடக்கத்தில் எடுத்த படத்தை நம்பி அச்சிட்டு, இடையில் கட்டி வளர்ந்துவிட்டால், அந்த ஜிக்கைத் தூக்கி வைத்துவிட வேண்டியதுதான். நேவிகேஷனிலோ, புதிய படத்தை ஏற்றித் திட்டத்தை மாற்றி வரையலாம். ஆகவே கடைசி எம்.ஆர்.ஐ.க்கும் அறுவைக்கும் இடையிலான நாட்களைக் குறைக்க முடியாத இடத்தில் ஜிக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முழங்காலருகே வளர்தட்டையோ மூட்டுப் பரப்பையோ காப்பாற்ற, பல தளங்களில் வெட்ட வேண்டிய சிறுவர்களுக்கு ஜிக்கே மேல். அங்கே எலும்பின் வடிவம் அதைத் தவறாமல் பிடித்துக்கொள்கிறது. திரிகத்திலும் இடுப்பெலும்பின் ஆழமான பகுதிகளிலும் நேவிகேஷனையே தேர்வேன். கட்டி எலும்பைத் தாண்டித் தசைக்குள் பரவியிருக்கும் பக்கத்தில் இவ்விரண்டுமே பெரிதாக உதவுவதில்லை. அந்த ஓரத்தை இன்றும் மருத்துவரின் கண்ணும் கையுமே தீர்மானிக்கின்றன.