வெள்ளைப்படுதல்: பூஞ்சையா, பாக்டீரியாவா?

திரிந்த பால் போலத் திட்டுத்திட்டாக வெள்ளை படுகிறது, அரிப்பு தாங்கவில்லை, ஆனால் வாடை இல்லை என்றால் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சைதான். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடையோடு வந்தால், அதுவும் உறவுக்குப் பிறகு வாடை கூடினால், பாக்டீரியல் வஜைனோசிஸாக (பெண்ணுறுப்பில் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவது) இருக்கலாம். இதில் அரிப்பு குறைவு.

சரி, கண்ணால் பார்த்தே முடிவு செய்யலாமா? வேண்டாம். அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் தாளில் சோதித்தால், பூஞ்சை என்றால் அளவு பொதுவாக 4.5-ஐத் தாண்டாது, பாக்டீரியா என்றால் தாண்டும். அப்புறம் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

பூஞ்சைக்கு குளோட்ரிமசோல் உள்வைப்பு மாத்திரை, அல்லது ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரே வேளை (கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோலைத் தவிர்க்க வேண்டும்). பாக்டீரியாவுக்கு மெட்ரோனிடசோல், வழக்கமாக 7 நாள். ஒன்றின் மருந்து மற்றதற்குக் கேட்காது. அதனால்தான் மருந்துக்கடையில் கூச்சத்தோடு கிசுகிசுத்து வாங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள் என்கிறேன். எதுவானாலும் உள்ளே சோப்பு போட்டுக் கழுவாதீர்கள்.