தென் சென்னையா, வட சென்னையா? சென்னையின் மனதை எந்தத் தொகுதியில் படிப்பது

தேர்தல் நெருங்கினால் சென்னையைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் தவறாமல் காதில் விழும். வட சென்னை தி.மு.க.வின் கோட்டை, அங்கே யாரை நிறுத்தினாலும் ஜெயிப்பார்கள் என்பது ஒன்று. தென் சென்னை படித்தவர்களின் தொகுதி, அங்கே கட்சியைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள் என்பது இன்னொன்று. 1967 முதல் 2024 வரை நடந்த 15 மக்களவைப் பொதுத் தேர்தல்களின் முடிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், முதல் தீர்ப்பு பாதிதான் தேறுகிறது. இரண்டாவது தேறவே இல்லை. நகரத்தின் நாடியைப் பிடிக்க எல்லோரும் தென் சென்னைக்குத்தான் ஓடுகிறார்கள். வட சென்னைக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

தென் சென்னைக்கு அந்தப் பெயர் வந்ததில் வியப்பில்லை. 1957-இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி இங்கிருந்துதான் மக்களவைக்குப் போனார். எல்.ஐ.சி. முதலீட்டைச் சுற்றி எழுந்த முந்த்ரா விவகாரத்தில் 1958-இல் நிதியமைச்சர் பதவியை விட்டு விலகியபோது அவர் இந்தத் தொகுதியின் உறுப்பினர். 1967-இல் அண்ணா இங்கே வென்றார். முதலமைச்சர் ஆனதும் பதவி விலக, இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார். 1977-இலும் 1980-இலும் ஆர். வெங்கட்ராமன், பின்னாளில் குடியரசுத் தலைவர். 1984-இலும் 1989-இலும் வைஜயந்திமாலா. 1996 முதல் 2004 வரை நான்கு தேர்தல்களில் டி.ஆர். பாலு. இத்தனை பெரிய பெயர்களை ஒரே பட்டியலில் பார்க்கும்போது, வாக்காளர் ஆளை எடைபோட்டுத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று தோன்றுவது இயல்பு.

வட சென்னையின் பட்டியலில் அந்தப் பளபளப்பு இல்லை. ஆனால் அதன் தொடக்கம் அழகானது. 1957-இல் அங்கே வென்றவர் எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இடதுசாரி, பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர்களின் தலைவர். திரு.வி.க. போன்றவர்களின் துணையோடு 1918-இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் மண் அது. கொடிக்கம்பம், படிப்பகம், சங்க அலுவலகம், தெருமுனைக் கூட்டம் என்று அரசியல் அங்கே தெருவிலேயே குடியிருந்தது. திராவிட இயக்கம் வந்தபோது அதற்கு வேண்டிய அமைப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது. நாஞ்சில் மனோகரன், ஏ.வி.பி. ஆசைத்தம்பி, ஜி. லட்சுமணன், என்.வி.என். சோமு என்று 1967 முதல் 1984 வரை ஐந்து தேர்தல்கள் தொடர்ந்து தி.மு.க.வே வென்றது. 1989-இலும் 1991-இலும் காங்கிரஸ் சின்னத்தில் பொதுவுடைமைத் தலைவர் தா. பாண்டியன். 1996-இல் மீண்டும் சோமு. 1998, 1999, 2004 மூன்றிலும் செ. குப்புசாமி. 2009-இல் டி.கே.எஸ். இளங்கோவன்.

கணக்கு இதுதான்: 15 தேர்தல்களில் வட சென்னையில் தி.மு.க. 12 முறை வென்றிருக்கிறது. தோற்றது 1989, 1991, 2014 மட்டுமே. தென் சென்னையில் அது வென்றது 8 முறை. இதோடு நிறுத்திக்கொண்டால் 'கோட்டை' என்ற சொல் சரியாகத்தான் படும். ஆனால் மாநிலத்தில் எந்த அணி அதிக இடங்களைப் பிடித்ததோ அந்த அணியையே தொகுதியும் தேர்ந்தெடுத்ததா என்று கேட்டால் படம் மாறுகிறது. தென் சென்னை 13 முறை மாநிலத்தோடு போயிருக்கிறது, வட சென்னை 12 முறை. வித்தியாசம் ஒரே ஒரு தேர்தல்தான். ஒன்று சுதந்திரமாகச் சிந்திக்கும் தொகுதி, மற்றது கண்ணை மூடிக்கொண்டு குத்தும் தொகுதி என்ற பேச்சுக்கு இதில் எங்கே இடம்?

இன்னும் முக்கியமானது, இரண்டு தொகுதிகளும் வெவ்வேறு அணிகளைத் தேர்ந்தெடுத்தது மூன்றே முறைதான்: 1977, 1984, 2009. அந்த மூன்று முறையும் நகரத்தின் மூன்றாவது தொகுதியான மத்திய சென்னை வடக்கின் பக்கம் நின்றது. தெற்கு தனியே போனது. சென்னையின் கதை இந்த மூன்று தேர்தல்களில் இருக்கிறது.

1977-இல் நெருக்கடி நிலை முடிந்து தேர்தல் வந்தது. வட இந்தியாவில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்கு நேர்மாறாக, எம்.ஜி.ஆரின் புதிய கட்சியோடு கைகோத்த காங்கிரஸ் அணி பெரும்பாலான இடங்களை அள்ளியது. 1976 ஜனவரியில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு அதன் தலைவர்கள் மிசாவில் சிறைப்பட்டிருந்தார்கள். அந்தத் தேர்தலில் தென் சென்னை மாறனைத் தோற்கடித்து வெங்கட்ராமனை அனுப்பியது. வடக்கு ஆசைத்தம்பியை அனுப்பியது. மத்திய சென்னை, தி.மு.க. அணியில் நின்ற பழைய காங்கிரஸின் பா. ராமச்சந்திரனை அனுப்பியது. நெருக்கடி நிலையைப் பற்றி நகரத்தின் கருத்து என்ன என்று கேட்டால், அந்த இரண்டு தொகுதிகளும் பதில் சொல்லியிருக்கின்றன. தெற்கு மாநில அலையோடு போய்விட்டது.

வெங்கட்ராமனின் அடுத்த தேர்தலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1977-இல் தி.மு.க.வை எதிர்த்து, அ.தி.மு.க. துணையோடு வென்றவர், 1980-இல் தி.மு.க. துணையோடு, அ.தி.மு.க.வை எதிர்த்து வென்றார். ஆள் அதே ஆள்தான் என்பதால், இதை வைத்து 'ஆளைப் பார்த்துத்தான் போட்டார்கள்' என்று வாதிடுவோர் உண்டு. நான் ஏற்கவில்லை. 1980-இல் அந்தக் கூட்டணி மாநிலத்தில் 37 இடங்களை வென்றது. தென் சென்னை இரண்டு முறையும் வெல்லும் அணியோடு இருந்தது; வெங்கட்ராமனும் இரண்டு முறையும் அந்த அணியில் இருந்தார், அவ்வளவுதான்.

1984-தான் என் வாதத்தின் உயிர். அக்டோபர் 31-இல் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். துயரமும் பரிவும் ஒன்றுசேர்ந்து எழுந்த அந்த அலையில் 39-இல் 37 இடங்கள் காங்கிரஸ், அ.தி.மு.க. அணிக்குப் போயின. மிஞ்சிய இரண்டு, வட சென்னையும் மத்திய சென்னையும். சோமுவும் டாக்டர் அ. கலாநிதியும் மட்டுமே தி.மு.க.வின் பெயரைச் சொல்ல மக்களவைக்குப் போனார்கள். தமிழ்நாடே ஒரு பக்கம் சாய்ந்தபோது தன் முடிவைத் தானே எடுத்த வாக்காளர்களைச் 'சொன்னபடி குத்துபவர்கள்' என்று அழைப்பது அநியாயம்.

அதே தேர்தலில் தென் சென்னையில் வைஜயந்திமாலா, இரா. செழியனைத் தோற்கடித்தார். நாடாளுமன்ற நடைமுறைகளைக் கரைத்துக் குடித்தவர் என்று எதிர்க்கட்சியினரும் மதித்த மனிதர் செழியன். ஆளைப் பார்த்து ஓட்டுப் போடும் படித்த தொகுதி என்றால், அவரை விட்டால் வேறு யாருக்குப் போட்டிருக்க வேண்டும்? நடிகை என்ற கவர்ச்சி வென்றது என்பார்கள். அதுவும் முழுக் காரணமல்ல. 1984-இல் சுமார் 48 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றவர், 1989-இல் தி.மு.க.வின் ஆலடி அருணாவைச் சுமார் 12,500 வாக்குகளில்தான் வென்றார். அந்த 1989-இல் மாநிலம் முழுக்க தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அலைதான் கரை சேர்த்தது. நட்சத்திர ஒளி தனித்து எவ்வளவு தூரம் வரும் என்பதை அந்த 12,500 காட்டுகிறது.

1967-க்கும் இது பொருந்தும். அண்ணாவின் வெற்றி யாராலும் குறைத்துச் சொல்ல முடியாதது. ஆனால் அந்த ஆண்டு தி.மு.க. போட்டியிட்ட 25 மக்களவைத் தொகுதிகளிலும் வென்றது.

தென் சென்னை மாநிலத்தை மீறிய இரண்டு சந்தர்ப்பங்களையும் மறைக்கக் கூடாது. 1998-இல் அ.தி.மு.க., பா.ஜ.க. அணி 30 இடங்களை வென்றபோது பாலு இங்கே பா.ஜ.க.வின் ஜனா கிருஷ்ணமூர்த்தியை வென்றார். அன்று மூன்று சென்னைத் தொகுதிகளுமே தி.மு.க. பக்கம். 2009-இல் தி.மு.க. அணி 27 இடங்களை வென்றபோது, நகரத்தில் தென் சென்னை மட்டும் அ.தி.மு.க.வின் சி. ராஜேந்திரனிடம் போனது. தோற்றவர் ஆர்.எஸ். பாரதி. இருவரில் யாரும் மக்கள் மயங்கும் நட்சத்திரம் அல்ல. உண்மையான காரணம் வரைபடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தொகுதி மறுவரையறையில் ஆலந்தூரும் தாம்பரமும் ஸ்ரீபெரும்புதூருக்குப் போயின. பாலுவும் அங்கேயே போய்ப் போட்டியிட்டு வென்றார். தென் சென்னைக்கு வேளச்சேரியும் சோழிங்கநல்லூரும் வந்தன. 2024 தேர்தலின்போது சோழிங்கநல்லூர் ஒன்றில் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள் இருந்தார்கள். அங்கே மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் மட்டும் இல்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இருக்கின்றன. 'படித்தவர்கள் தொகுதி' என்று சொல்லும்போது இவர்களை எந்தக் கணக்கில் சேர்க்கிறோம்?

கோட்டை என்ற பேச்சையும் அதே 2009 அசைக்கிறது. வட சென்னையில் இளங்கோவன் தா. பாண்டியனை வென்றது சுமார் 19 ஆயிரம் வாக்குகளில். தெற்கில் தி.மு.க. தோற்ற வித்தியாசமே சுமார் 33 ஆயிரம். கோட்டைச் சுவர் அன்று விழாமல் நின்றது மயிரிழையில்தான். 2014-இல் விழுந்தேவிட்டது, அ.தி.மு.க.வின் டி.ஜி. வெங்கடேஷ் பாபு வென்றார்.

இரண்டு தொகுதிகளையும் ஒப்பிட இன்னொரு நல்ல வழி, இரண்டிலும் நின்றவர்களைப் பார்ப்பது. மனோகரன் 1962-இல் தெற்கில் வென்றார், 1967-இலும் 1971-இலும் வடக்கில் வென்றார். பேச்சுக்குப் பேர்போன அவரை இரு கரையும் ஏற்றன. இளங்கோவன் 2009-இல் வடக்கில் வென்று, 2014-இல் தெற்கில் தோற்றார். அவரைத் தோற்கடித்த அ.தி.மு.க.வின் ஜெ. ஜெயவர்தன் அப்போது முப்பது வயதைத் தொடாதவர். அவருடைய தந்தை ஜெயக்குமாரோ அன்று வட சென்னைக்குள் இருக்கும் ராயபுரத்தின் எம்.எல்.ஏ. பா.ஜ.க.வின் தமிழிசை சவுந்தரராஜன் 2009-இல் வடக்கில் நின்றபோது போட்டியிலேயே இல்லை. 2024-இல் ஆளுநர் பதவியைத் துறந்து தெற்கில் நின்றபோது இரண்டாம் இடத்துக்கு வந்தார், ஜெயவர்தன் மூன்றாவது. வடக்கில் அதே தேர்தலில் இரண்டாம் இடம் அ.தி.மு.க.வுக்கு. இரு தொகுதிகளுக்கும் இடையே இன்று இருக்கும் மெய்யான வேறுபாடு இதுதான். வடக்கில் போட்டி இன்னும் இரண்டு திராவிடக் கட்சிகளுக்கு இடையே. தெற்கில் இரண்டாம் இடம் கைமாறிவிட்டது.

அதற்காக வடக்கில் புதியவர்களுக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019-இல் மக்கள் நீதி மய்யம் தெற்கில் ஒரு லட்சத்துக்கு மேல் வாக்குகள் பெற்றதைப் பற்றி நிறையப் பேசினார்கள். வடக்கிலும் அது லட்சத்தைத் தாண்டியது. அதைப் பேசியவர்கள் குறைவு.

கட்சித் தலைமைகளுக்கு வடக்கின் மதிப்பு நன்றாகவே தெரியும். முதலமைச்சர் நாற்காலி வேண்டுமென்றால் அங்கே போய் நிற்கிறார்கள். 2011 முதல் 2021 வரை மூன்று முறை ஸ்டாலின் வென்ற கொளத்தூரும், 2015-இலும் 2016-இலும் ஜெயலலிதா வென்ற ஆர்.கே. நகரும் வட சென்னை மக்களவைத் தொகுதிக்குள்தான் இருக்கின்றன. ஆனால் டெல்லிக்கு அமைச்சரை அனுப்பும்போது மட்டும் வடக்கு மறந்துபோகிறது. தெற்கு நிதியமைச்சர்களைக் கண்டது, கப்பல் துறை அமைச்சரைக் கண்டது. மத்திய சென்னை இரண்டு மாறன்களையும் அமைச்சர்களாகக் கண்டது. வடக்கிலிருந்து மத்திய கேபினட் அமைச்சர் ஒருவர்கூட வந்ததில்லை. லட்சுமணன் மக்களவைத் துணைத் தலைவரானார். சோமு பாதுகாப்புத் துறை இணையமைச்சராக இருந்தபோது 1997-இல் அருணாசலப் பிரதேசத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அதற்கு மேல் இல்லை.

இத்தனைக்கும் ஓட்டுச்சாவடிக்கு அதிகம் வருகிறவர்கள் அவர்கள்தான். 2024-இல் வட சென்னையில் வாக்குப்பதிவு 60 சதவீதம், தெற்கில் 54. அங்கே தி.மு.க.வின் கலாநிதி வீராசாமிக்கு 2019-இல் 4.61 லட்சம், 2024-இல் 3.39 லட்சம் வாக்குகள் வித்தியாசம் கொடுத்தார்கள். தெற்கில் அதே கட்சியின் தமிழச்சி தங்கபாண்டியனுக்கு அது 2.62 லட்சம், 2.25 லட்சம். அந்த இரண்டு தேர்தல்களுக்கு இடையே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்களின் படகும் வலையும் கரிப்பூச்சாயின. நான்கு மாதம் கழித்து வாக்குப்பதிவு. வடக்கின் வித்தியாசம் 1.22 லட்சம் குறைந்திருக்கிறது, தெற்கில் சுமார் 36 ஆயிரம்தான். எதிர் வேட்பாளர்களும் அணிகளும் மாறியதால் இதை முழுக்க எண்ணூரின் கோபம் என்று எழுதிவிட முடியாது. ஆனால் அடுத்த மக்களவைத் தேர்தலில் சென்னையின் முடிவை முன்கூட்டிக் கணிக்க நினைப்பவர்கள், மயிலாப்பூரில் பேட்டி எடுப்பதற்கு முன் திருவொற்றியூரின் வாக்குச்சாவடிவாரிக் கணக்கை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.