‘என்சைம் பீலிங்’ பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஈரோட்டில் ஓர் அழகு நிலையம். மார்கழிப் பனியில் அக்காவுக்குக் கன்னமும் கழுத்தும் வெள்ளை வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. “உங்களுக்குத் தோல் உதிர்க்கிற என்சைம் கம்மிங்கக்கா, நாங்க வெளியில இருந்து குடுக்கறோம்” என்று சொல்லி ஒன்பதாயிரம் ரூபாய் வாங்கிவிட்டார்கள். பப்பாளி வாசனை அடிக்கும் பசை, நுரை பொங்கும் சோப்பு, இரவில் பூச லேபிளே இல்லாத வெள்ளை டப்பா. முதலில் முகம் பளபளத்தது. அப்புறம் வெந்நீர் பட்டாலே எரிந்தது, தாடையோரம் செக்கச்செவேல் என்றானது.

கோயம்புத்தூரில் தோல் மருத்துவரிடம் போனோம். அந்தம்மா பொறுமையாக விளக்கினார். தோல் எல்லோருக்கும் தினமும் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கிறது. மேல்தோல் செல்களைக் கோத்திருக்கும் புரதங்களைக் கல்லிக்ரீன் என்ற என்சைம்கள் வெட்டுகின்றன. அவற்றுக்கு பிரேக், தோலே சுரக்கும் லெக்டி என்ற புரதம். உள்ளடுக்கில் இது என்சைமை இறுக்கிப் பிடித்திருக்கும். மேலே போகப் போக அமிலத்தன்மை கூடுவதால் பிடி தளரும், செல் கழன்று விழும். ஸ்பிங்க்5 மரபணு பழுதாகி லெக்டி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் சிவந்து உரியும். நெதர்டன் நோய் என்பது அதுதான். காரணம் 2000-இல் தெரிந்தது. அதாவது, என்சைம் கட்டுமீறினால்தான் ஆபத்து.

அக்காவுக்குக் குறைந்தது ஈரம். இந்த என்சைம்கள் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். வறண்டால் செல்கள் தனித்தனியாகக் கழலாமல் செதில் செதிலாக நிற்கும். மாய்ஸ்சரைசர் போதும் என்றார். மேலே இருக்கும் அமிலம் லெக்டியின் பிடியைத் தளர்த்தினாலும், என்சைமின் வேகத்தையும் மட்டுப்படுத்தும். அழகு நிலையத்தாரோ காரச் சோப்பால் அந்த அமிலத்தைக் கழுவி, உள்ளிருக்கும் என்சைமை முடுக்கிவிட்டார்கள். போதாததற்குப் பப்பாளியில் இருக்கும் பப்பைன் என்ற என்சைம் வேறு. அதை லெக்டியால் தடுக்க முடியாது. நல்ல விஞ்ஞானம்தான் போங்க!

டப்பாவில் ஸ்டீராய்டு இருக்கலாம் என்பது மருத்துவரின் சந்தேகம். முதலில் வந்த பளபளப்பும் அதனால்தான் இருக்குமாம். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துப் பட்டியலில் 2018-இலேயே பல ஸ்டீராய்டு கிரீம்களைச் சேர்த்துவிட்டார்கள். உற்பத்தியாளர் பெயர், லைசென்ஸ் எண், பேட்ச் எண் இல்லாத எதையும் முகத்தில் தொட விடாதீர்கள். பில்லில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “பில்லுல கிரீமே இல்லீங்களே” என்கிறார்கள். அதில் ‘ஃபேஷியல் பேக்கேஜ்’ என்று மட்டும்தான் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறோம். மிச்சக் கிரீமோடு டப்பாவை அப்படியே எடுத்து வைத்திருக்கிறோம்.